என் மகன் கூண்டில் சொன்ன ‘ஹார்ட்லி’

பதுளைப் பொலிஸ் கோட்டில், நீதவானின் தலைக்கு மேலிருந்த சுவர் மணிக்கூடு பதினொன்று இருபது காட்டிக்கொண்டிருந்தபோது, கூண்டில் நின்ற என் மகன் தங்கராஜா ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னான்.

“ஐ டிட் ஹார்ட்லி ஸ்ட்ரைக் ஹிம், சேர்.”

அதற்கு முன்பு எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மகன் கூண்டில் நிற்கும்போது எதுவும் சரியாக இருப்பதில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் வரும்வரை அது சிறிய வழக்காகவே இருந்தது. மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தங்கராஜா சின்னக் கணக்கப்பிள்ளை. மலையில் நின்று ஆட்களை வேலை வாங்குவது அவன் உத்தியோகம். அங்கே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த கருப்பையா என்ற தொழிலாளியை அவன் கையிலிருந்த பிரம்பால் அடித்தான். கருப்பையா பின்னால் சாய்ந்து, மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கானுக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. தலையிலும் அடி.

அடித்ததை என் மகன் மறுக்கவில்லை. எவ்வளவு பலமாக அடித்தான் என்பதுதான் கேள்வி. மெதுவான அடியென்றால் விழுந்தது தற்செயல். எச்சரிக்கையோடு வீடு திரும்பலாம். பலமான அடியென்றால் முறிந்த எலும்புக்கும் அவனே பொறுப்பு. பதுளைச் சிறைக்குப் போக வேண்டும்.

அவன் சொன்ன வாக்கியத்துக்கு இரண்டு பொருள். புத்தக ஆங்கிலத்தில், ‘நான் அவரை அடித்தேன் என்றே சொல்வதற்கில்லை, அவ்வளவு மெதுவாக’ என்று ஆகும். இந்த மலைப்பக்கத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் பேசும் வழக்கில், ‘நான் அவரைப் பலமாகவே அடித்தேன்’ என்று ஆகும். ஒரே சொல். ஒன்று வீடு, ஒன்று சிறை.

புதிதாக வந்திருந்த இளம் நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். திரும்பச் சொல்லும்படி கேட்டார். பையன் பயந்துவிட்டான்.

“ஹார்ட்லி, சேர். ஹார்ட்லி.”

எங்களுக்காக வழக்காட வந்த புரொக்டர் துள்ளி எழுந்து, “மிக மெதுவாக என்று சொல்கிறார்” என்றார். உடனே தங்கராஜாவும் “ஆமாம், மெதுவாக” என்றான். நீதவான் தலையை அசைத்தார். “உங்கள் சொல் அவர் சொல்லுக்கு முன்னால் வந்துவிட்டதே, புரொக்டர். இந்த மாவட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ‘ஹார்ட்லி வேலை செய்கிறேன்’ என்று எழுதிய மனுக்களைத்தான் படிக்கிறேன். அவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்றா நான் எடுத்துக்கொள்வது? அடிபட்டவரைக் கேட்காமல் இதை முடிக்க முடியாது.”

கருப்பையா மடுல்சீமை ஆஸ்பத்திரியில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. பையனைப் பிணையில் விட்டார்கள்.

மொழிபெயர்ப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் சிலர், நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் கோட்டு அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டுவருகிறார்கள். வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த மணிக்கூடுதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. ஆகவே அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் அதற்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

என் தகப்பனார் பூனாகலைப் பக்கத்தில் ஒரு பெரிய கங்காணிக்குக் கணக்கு எழுதியவர். என்னைப் பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். படிப்பு முடிந்ததும் கோட்டில் பிரதி எழுதுபவனாகச் சேர்ந்தேன். பிறகு மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பின்னால் நின்று கேட்டுப் பழகினேன். அவர் விலகியதும் அந்த இடத்துக்கு வந்தேன். அந்த உத்தியோகத்துக்குரிய பட்டமாக ஊரார் ‘முதலியார்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நீதவானுக்கும் சாட்சிக்கும் நடுவில், சற்றே பக்கவாட்டில், இருவர் வாயும் தெரியும்படி நிற்க வேண்டும். சாட்சியைச் சத்தியம் சொல்லவைப்பதும் அவர்தான். சாட்சி ‘நான்’ என்றால் அவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘இவர் என்ன சொல்கிறார் என்றால்’ என்ற பேச்சே கூடாது. ஒருமுறை ஒரு சாட்சி தமிழில், தான் கோழி திருடியதை ஒப்புக்கொண்டார். நான் ஆங்கிலத்தில் “நான் கோழியைத் திருடினேன்” என்றேன். பின்வாங்கில் துரை பங்களா சமையற்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். “கேட்டீங்களா, முதலியாரே ஒத்துக்கிட்டாரு!” என்று உரக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுவதும் கோட்டில் என்னைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சாட்சி இழுத்துப் பேசினால் நாமும் இழுக்க வேண்டும். கொச்சையாகப் பேசினால் கொச்சையாகவே கொடுக்க வேண்டும். ஒரு சொல் புரியவில்லையென்றால், புரியவில்லை என்று நீதவானிடம் சொல்லி அனுமதி வாங்கி மறுபடி கேட்க வேண்டும். ஊகித்துச் சொல்லக் கூடாது. கடைசியில், எழுதிய வாக்குமூலம் முழுவதையும் சாட்சிக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டி, ‘சரி’ என்று அவர் வாயால் சொன்ன பிறகே கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்க வேண்டும். பசி நேரத்தில் இதைச் சுருக்கத் தோன்றும். சுருக்கிய இடத்தில்தான் பிறகு அப்பீல் வரும்.

இதையெல்லாம் எனக்குள் ஏற்றியவர் நான் நீண்ட காலம் வேலை பார்த்த பழைய நீதவான். இங்கிலாந்தின் வடபகுதிக் கிராமத்திலிருந்து வந்தவர். குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு வாக்கியம் எழுதி முடித்ததும் பேனாமுனையை ஒரு துணியில் துடைப்பார். துடைத்து முடியும்வரை யாரும் பேசக் கூடாது. நிறுத்தச் சொல்வதற்கு இடது கையை மேசையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்துவார், அவ்வளவுதான். சாட்சி திட்டியதை நான் கொஞ்சம் மரியாதைப்படுத்திச் சொல்லிவிட்டால் அந்தக் கை எழும்பும். “முதலியார், சலவை வேண்டாம். அழுக்கோடு கொடுங்கள்” என்பார்.

ஒருநாள் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்து வழக்கு. சாட்சி ஒருவர், “கங்காணி மொதல்ல ஒரு தட்டு தட்டுனாருங்க. அப்புறம் அறைஞ்சாரு. அப்புறம் சாத்து சாத்துன்னு சாத்துனாரு” என்றார். நான் ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘அடித்தார்’ என்ற ஒரு சொல்லையே வைத்து, பக்கத்தில் மெதுவாக, கடுமையாக, மிகக் கடுமையாக என்று சேர்த்தேன். கை எழும்பியது. சாட்சி சொன்ன சொற்கள் வேறு வேறாக இருந்தனவே என்றார். விளக்கினேன். செய்து காட்டும்படி கேட்டார். மேசையில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினேன். அறைந்து காட்டினேன். சாத்துவதைக் காட்டும்போது, துரை கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பியூன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தான்.

நீதவான் சிரிக்கவில்லை, பேனாவைத் துடைத்தார். “உங்கள் மொழியில் வினைக்குள்ளேயே அளவும் இருக்கிறது. எங்களுக்கு வினை ஒன்று. அளவைச் சொல்லப் பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சாட்சிக்கு நிறுத்துகிறோம். சிக்கல் என்னவென்றால், அந்தச் சாட்சி காலத்துக்குக் காலம் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளும்” என்றார்.

எந்தச் சாட்சியைச் சொன்னார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. சில மாதம் கழித்து மீனாச்சியின் வழக்கில் புரிந்தது.

மீனாச்சி பூனாகலையில் கொழுந்து பறிப்பவர். கங்காணி தன்னைக் கொடுமைப்படுத்துகிறார் என்று முறைப்பாடு. சந்தைக்குப் பக்கத்தில் மனு எழுதும் ஒருவரைப் பிடித்து ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ‘கங்காணி என்னை ஹார்ட்லி நடத்தினார்’ என்று அதில் இருந்தது. கங்காணிக்காக வந்த இளம் புரொக்டர் அந்த வரியை உரக்கப் படித்தார். “கனம் நீதவான் அவர்களே, கங்காணி இந்தப் பெண்ணை நடத்தவே இல்லை, கிட்டே போகவே இல்லை என்று முறைப்பாட்டுக்காரியே சொல்லிவிட்டார். என் வேலை முடிந்தது” என்றார். கோட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மீனாச்சி என்னைப் பார்த்தார். “என்னங்கய்யா சிரிக்கிறாங்க? நான் என்ன கூத்துக் காட்டவா மலையிலேருந்து எறங்கி வந்தேன்?”

அந்தப் பெண் என்ன கேட்டார் என்று நீதவான் கேட்டார். சலவை செய்யாமல் கொடுத்தேன். இடது கை எழும்பியது. சிரிப்பு நின்றது.

“இந்த மனுவை என் பாட்டி படித்திருந்தால் இதில் ஒரு பிழையும் கண்டிருக்க மாட்டாள்” என்றார் அவர். பிறகு, வழக்கை நிறுத்திவிட்டு அவர் பேசிய ஒரே தடவை அதுதான், அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார்.

‘ஹார்ட்’ என்றால் கடினம். அதோடு ஒரு வால் சேர்த்து ‘ஹார்ட்லி’ ஆனது. ஆதியில் அதற்கு வலிமையாக, துணிச்சலாக, கடுமையாக என்று பொருள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஒருவனை ‘ஹார்ட்லி’ நடத்தினார்கள் என்றால் கொடுமையாக நடத்தினார்கள் என்றுதான் அர்த்தம். அவருடைய ஊர்க் கிழவர்கள் அவர் சிறுவனாக இருந்தபோதும் அப்படியே பேசினார்களாம். இடையில் இன்னொரு பொருள் கிளைத்தது: சிரமப்பட்டு. ஒரு காரியம் ‘ஹார்ட்லி’ நடந்தது என்றால் மிகவும் கஷ்டப்பட்டு நடந்தது. கஷ்டப்பட்டு நடக்கும் காரியம் எப்படி நடக்கும்? மயிரிழையில் நடக்கும். நடந்தும் நடக்காததுபோல நடக்கும். ஆகவே அந்தச் சொல்லே ‘நடந்ததென்று சொல்வதற்கில்லை’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. முழுப் பலத்தோடு அடிவாரத்தில் புறப்பட்ட சொல், ஏற ஏற மூச்சு வாங்கி, உச்சிக்குப் போய் உட்கார்ந்தபோது பலமே இல்லை என்று பொருள்படத் தொடங்கிவிட்டது. பலமாக என்று சொல்ல வால் இல்லாத ‘ஹார்ட்’ மட்டுமே மிஞ்சியது.

“நம் பள்ளிக்கூடங்களில் படிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்?” என்று அவரே தொடர்ந்தார். “மெதுவான என்பதற்கு ஒரு வால் சேர்த்தால் மெதுவாக. சத்தமான என்பதற்கு ஒரு வால் சேர்த்தால் சத்தமாக. அந்தக் கணக்கிலேயே கடினமான என்பதற்கும் சேர்த்துவிடுகிறார்கள். கணக்கு சரி. சொல்தான் முன்பே இடம் மாறிவிட்டது.”

மனு எழுதியவருக்கு இந்தப் பழைய வழக்கெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் வழக்கம்போலப் பிழை செய்தார். பிழை தற்செயலாகப் பழைய நீதவானுடைய பாட்டியின் ஆங்கிலத்தில் போய் விழுந்தது. மீனாச்சியின் முறைப்பாடு எடுத்துக்கொள்ளப்பட்டது.

அன்றைக்குக் கோடு கலைந்த பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, தமிழில் இப்படி ஏதாவது சொல் இருக்கிறதா என்று கேட்டார். யோசித்துவிட்டு, ‘அரிது’ என்றேன். செய்வதற்கு அரிது என்றால் செய்யக் கடினம். கடினமானது குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே இன்று ‘அவர் அரிதாகத்தான் வருவார்’ என்றால் அவர் கஷ்டப்பட்டு வருகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. வருவதே இல்லை என்பதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு மூன்று தடவை ‘அரிது, அரிது’ என்று சொல்லிப் பார்த்தார். அந்த றகரமல்லாத ரகரம் அவர் வாயில் கடைசிவரை சரியாக வரவில்லை.

என் வேலையில் எனக்கு மிகவும் இன்பமாக இருந்த மாலை அது. அந்தச் சொல்லைப் பற்றி இந்த மாவட்டத்தில் என்னளவு தெரிந்தவர் இல்லை என்று சில காலம் நினைத்துக்கொண்டும் இருந்தேன். தெரிந்து என்ன பயன் என்பது பதினொன்று இருபதுக்குத்தான் தெரிந்தது. என் மகன் எந்தப் பொருளில் சொன்னான் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்குக் கூண்டில் ஏறியவுடன் அவனுக்கு உதவ ஆள் இருந்தது. என்னிடம் பழகி என் இடத்துக்கு வந்திருந்த காசிம், பதுளைக் கடைவீதிக் குடும்பத்துப் பிள்ளை, அவனிடம் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, தமிழ்ல சொல்லுங்க. நான் எடுத்துச் சொல்றேன்.”

“தேவையில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும்” என்றுவிட்டான் பையன்.

தமிழில் ‘தட்டினேன்’ என்றோ ‘சாத்தினேன்’ என்றோ ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் தெளிந்திருக்கும்.

பிணையில் வந்தவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே என் மனைவி மரகதம் கேட்டாள்.

“இப்ப என்ன, புள்ளைய உள்ள போட்டுருவாங்களா?”

“அவன் எந்த அர்த்தத்துல சொன்னான்னு தெரியணும்.”

“அவன்கிட்ட கேளுங்க. இங்கதான நிக்கிறான்.”

பையனை உட்காரவைத்தேன். என்ன நடந்தது என்று அவன் சொல்லத் தொடங்கினான். பனி மூடியிருந்ததாம். கருப்பையா வரிசையில் பின்தங்கி நின்றாராம். இவன் இரண்டு தடவை கூப்பிட்டானாம்.

“அதெல்லாம் விடு” என்றேன். “பலமா அடிச்சியா, மெதுவா அடிச்சியா?”

“மெதுவாத்தாம்பா.”

“அப்ப ஏன் அந்தச் சொல்லச் சொன்னே?”

“மெதுவான்னு சொல்லத்தான்.”

“உண்மையாவா?”

“நீங்களுமாப்பா?” என்று எழுந்து உள்ளே போய்விட்டான்.

மரகதத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “புள்ள சொல்றதை அப்படியே எடுத்துக்கங்களேன். இது என்ன கோடா? நீங்க என்ன துரையா?”

அவளுக்குத் தெரியாத ஒரு காரணம் எனக்கு இருந்தது. இல்லை, அவளுக்கும் தெரியும், மறந்திருந்தாள். தங்கராஜா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மழைக்காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினான். ‘மழை ஹார்ட்லி பெய்தது, ஆறு கரை புரண்டது’ என்று அதில் இருந்தது. நான் வயிறு குலுங்கச் சிரித்து, அதைக் கோட்டிலும் போய்ச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு மாரியிலும், ஓட்டின்மேல் மழை அறையும்போது காசிம் என்னைப் பார்த்து, “இன்னைக்கு ஹார்ட்லி பெய்யுது, முதலியார்” என்பார். நாங்கள் இருவரும் சிரிப்போம்.

அந்த வாரத்தில் புரொக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டிக்காரர். பழைய நீதவான் சொன்ன கதையை என்னிடமிருந்து முழுவதும் கேட்டறிந்தார். மேசையைத் தட்டி, “உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். இந்தச் சொல்லின் வரலாற்றை நீங்கள் சொல்லுங்கள். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு மெதுவாக என்ற பக்கம்தான் பொருள் என்று நிலைநாட்டிவிடலாம். இத்தனை வருஷம் அந்தக் கோட்டில் நின்றவர் சொல்லை இந்த இளம் துரை தள்ளமாட்டார்” என்றார்.

“சொன்ன பிறகு ஒரு கேள்வி கேட்பாரே” என்றேன்.

“என்ன கேள்வி?”

“‘உங்கள் மகன் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் வழங்கிக் கேட்டிருக்கிறீர்கள்?’ என்று. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். சத்தியம் சொன்ன பிறகு நான் அந்த மழையைச் சொல்ல வேண்டிவரும்.”

மழைக் கதையைச் சொன்னேன். புரொக்டர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். “வேறு யாருக்குத் தெரியும்?” என்றார்.

“காசிமுக்குத் தெரியும்.”

காசிம் தானாகவே ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை. “முதலியார், நான் யாருக்கும் அதைச் சொல்லல்ல. ஆனா துரை என்னட்ட நேராக் கேட்டா…”

“கேட்டா சொல்லத்தான் வேணும், காசிம்.”

“அதான் வந்தேன். நீங்க ஒண்டும் கேக்கல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்.” தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. அவர் போன பிறகு மரகதம் அதை எடுத்துக் கொல்லையில் ஊற்றினாள்.

மடுல்சீமையிலிருந்து செய்தி விட்டு விட்டு வந்தது. கருப்பையாவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டது. ஆளை அடையாளம் தெரிகிறது. பேச்சுத் தெளிவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டே இருந்தேன். யாருக்காக என்று பிரித்துப் பார்க்கவில்லை. மரகதம் கதிரேசன் கோயிலில் அர்ச்சனை செய்தபோது முதலில் கருப்பையா பெயரையும் பிறகு தங்கராஜா பெயரையும் சொன்னாள். ஐயர் இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டாராம்.

தங்கராஜா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். தமிழில் பேசும்போதுகூட, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் அதை எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்று தேடுவதுபோல இருக்கும். ஊரார் பேச்சையெல்லாம் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஏற்றி இறக்கியவன், என் வீட்டுக்குள் ஒரு பையன் சொன்ன ‘மெதுவாத்தாம்பா’ என்பதை நம்பலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு மறுபடி எடுக்கப்பட்ட காலையில் பதுளை வெளிச்சமாக இருந்தது. பின்வாங்கில் எனக்குப் பக்கத்தில் மரகதமும் வந்து உட்கார்ந்தாள். அவள் கோட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பெயர்கள் கூப்பிடப்பட்டன. கருப்பையா வரவில்லை. வண்டி பசறையைத் தாண்டியிருக்கலாம் என்றார் சார்ஜன்ட். நீதவான் வேறு வழக்குகளை எடுத்தார். சாராய வழக்கு ஒன்று, மாடு அவிழ்ந்து தோட்டத்தில் மேய்ந்த வழக்கு ஒன்று. காசிம் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டுபோனார். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

பிறகு வெளியே மாட்டு மணிச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி ஆள் ஒருவரும் கருப்பையாவின் மைத்துனரும் சேர்ந்து ஒரு நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். என்னைவிட இளையவர்; அப்படித் தெரியவில்லை. தலையில் கட்டு. கறுப்புக் கம்பளி தோளோடு போர்த்தியிருந்தது. கால் ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டப்பட்டு நேரே நீட்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏற முடியாதாகையால் நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். காசிம் சத்தியம் சொல்லவைத்தார். அவர் சொல்லச் சொல்லக் கருப்பையாவும் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். குரல் மெலிந்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

நீதவான் கேட்டார். காசிம் தமிழில் கொடுத்தார். “இந்தக் கணக்கப்பிள்ளை உங்களை அடிச்சது ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்க.”

“அடி எப்படி விழுந்துச்சு? பலமாவா, மெதுவாவா?”

மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கருப்பையா தன் தோளைத் தொட்டுக் காட்டினார். “மெதுவாத்தாங்க. தோள்ல பட்டும் படாமத்தான் விழுந்துச்சு. நான் பதறிப் பின்னால கால வெச்சேன். கானு இருந்தது பனியில தெரியலைங்க.”

காசிம் வாயைத் திறந்தார்; உடனே மூடினார். பட்டும் படாமல் என்பதற்கு எந்தச் சொல் அவர் நாக்கில் வந்து நின்றது என்று எனக்குத் தெரியும். அதை விழுங்கிவிட்டு வேறு சொல்லைத் தேடி எடுத்தார். ‘மிக இலேசாக, தொட்டதுபோல’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க முடியாது.

நீதவான் எழுதினார். டொக்டருடைய அறிக்கையைப் புரட்டினார். தோளில் காயமில்லை என்று அதிலும் இருப்பதாகச் சொன்னார். எலும்பு முறிவுக்குக் கணக்கப்பிள்ளையைப் பொறுப்பாக்க முடியாது. இலேசான அடிக்குக் கடுமையாக எச்சரித்து விடுவிக்கிறேன் என்றார். புரொக்டர் எழுந்து வணங்கினார். தங்கராஜா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மெதுவாத்தான் என்று அவன் சொன்னது மெதுவாத்தான். மரகதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“சாட்சி போகலாம்” என்றார் நீதவான். “போகலாங்க” என்றார் காசிம்.

மைத்துனர் நாற்காலியைத் தூக்கக் குனிந்தார். கருப்பையா கையை அசைத்துத் தடுத்தார். முதலில் நீதவானைப் பார்த்தார். பிறகு கூண்டில் நின்ற என் மகனைப் பார்த்தார்.

“தொரைங்களே, எம்புட்டுப் பலமா அடிச்சாருன்னு பொலிஸ்ல கேட்டாங்க. ஆஸ்பத்திரியிலயும் கேட்டாங்க. இங்கயும் அதையே கேக்குறீங்க. நான் சொல்லிட்டேங்க, மெதுவாத்தான். நான் கேக்குறது அது இல்லைங்க. என்னைய எதுக்குங்க அடிச்சாரு?”